அணிக்குப் பெயர் வைக்கும்போது யாரைக் கேட்டார்கள்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் சில பெரிய விளையாட்டு அணிகள் பல பத்தாண்டுகளாக வைத்திருந்த பெயரைக் கைவிட்டன. அதைப் பற்றி நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவை இவை. என் பக்கம் எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மக்கள் கூட்டத்தின் பெயரையோ முகத்தையோ ஓர் அணி எடுத்துக்கொள்கிறது என்றால், அந்த மக்களிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்டு, அவர்கள் சரி என்றால் இருக்கட்டும். வேண்டாம் என்றால் எடுத்துவிட வேண்டும்.

எந்த அணிகளைப் பற்றிப் பேசுகிறோம்?

முக்கியமாக இரண்டு. ஒன்று வாஷிங்டனின் அமெரிக்கன் ஃபுட்பால் அணி. 1933 முதல் 2020 வரை அதன் பெயர் 'ரெட்ஸ்கின்ஸ்', அதாவது சிவப்புத்தோலர்கள். பிறகு இரண்டு சீசன் வெறும் 'வாஷிங்டன் ஃபுட்பால் டீம்' என்று ஆடிவிட்டு, 2022 பிப்ரவரியில் 'கமாண்டர்ஸ்' ஆனது. இன்னொன்று ஒஹாயோ மாநிலத்தில் உள்ள கிளீவ்லாந்து நகரின் பேஸ்பால் அணி. 1915-இலிருந்து 'இந்தியன்ஸ்' என்று இருந்தது, 2021 சீசன் முடிந்ததும் 'கார்டியன்ஸ்' ஆனது.

அந்த 'இந்தியன்ஸ்' நாம் இல்லை. கொலம்பஸ் இந்தியாவுக்கே வந்து சேர்ந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு 'இந்தியர்' என்று அழைத்த அமெரிக்கப் பூர்வகுடி மக்கள்.

'ரெட்ஸ்கின்' என்பது அவ்வளவு மோசமான சொல்லா?

பிறக்கும்போது மோசமான சொல்லாக இல்லை. 18-ஆம் நூற்றாண்டில் பூர்வகுடித் தலைவர்களே வெள்ளையரிடமிருந்து தங்களைப் பிரித்துச் சொல்ல இப்படிப் பேசியிருக்கிறார்கள் என்று மொழியியலாளர் ஐவ்ஸ் காடர்ட் 2005-இல் ஆராய்ந்து எழுதினார். பெயரை வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் இதைத்தான் பிடித்துக்கொண்டார்கள்.

ஆனால் சொல் பிறந்த இடத்திலேயே நின்றுவிடுவதில்லை. 1863 செப்டம்பரில் மின்னசோட்டா மாநிலத்தின் வினோனா நகர நாளிதழ் ஒன்றில் சில வரிச் செய்தி வந்தது. இறந்த இந்தியர்களுக்கு அரசு தரும் வெகுமதி கூட்டப்பட்டிருக்கிறது, கொன்று அனுப்பும் ஒவ்வொரு 'ரெட்ஸ்கின்'னுக்கும் 200 டாலர் என்று அதில் இருந்தது. ஓநாய்த் தலைக்கு விலை சொல்வதுபோல் மனிதனுக்கு விலை சொன்ன செய்தி அது. எழுபது வருடம் கழித்து அதே சொல் ஓர் அணியின் பெயரானது. அகராதிகளே இதை இழிசொல் என்று குறிக்கத் தொடங்கிய பிறகும் அணி அதை விடவில்லை.

தமிழ்நாட்டில் வளர்ந்தவருக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. ஒரு சாதிப் பெயர் எந்த வாயிலிருந்து, எந்தத் தொனியில் வரும்போது வசவாகிறது என்பது நமக்குத் தெரியும். கல்வெட்டில் அது சாதாரணமாகத்தான் இருந்தது என்று யாராவது வாதாடினால், கேட்டவரின் வலி குறையுமா?

மரியாதைக்காகத்தானே அந்தப் பெயர்களை வைத்தார்கள்?

அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

வாஷிங்டன் அணி 1932-இல் பாஸ்டனில் 'பிரேவ்ஸ்' என்ற பெயரில் தொடங்கியது. அதே ஊரில் அதே பெயரில் ஒரு பேஸ்பால் அணியும் இருந்தது. அடுத்த வருடம் மைதானத்தை மாற்றியபோது, குழப்பம் வேண்டாம் என்று உரிமையாளர் ஜார்ஜ் பிரஸ்டன் மார்ஷல் 'ரெட்ஸ்கின்ஸ்' என்று மாற்றினார். அணியின் பயிற்சியாளர் லோன் ஸ்டார் டீட்ஸ் தன்னைப் பூர்வகுடி என்று சொல்லிக்கொண்டவர் (அது உண்மையா என்பதே பிறகு சர்ச்சையானது). அவரைக் கௌரவிக்க வைத்த பெயர் என்பது பின்னாளில் வந்த விளக்கம். ஆனால் பயிற்சியாளரோ சில ஆட்டக்காரர்களோ இந்தியர்கள் என்பதால் இந்தப் பெயரைத் தேர்ந்தெடுக்கவில்லை என்று மார்ஷலே 1933-இல் செய்தியாளர்களிடம் சொல்லி, அது நாளிதழில் அச்சாகியிருக்கிறது. கறுப்பின ஆட்டக்காரர்களைக் கடைசிவரை சேர்க்காமல் இருந்த அணியும் அவருடையதுதான். மத்திய அரசு நிலத்தில் கட்டிய புது மைதானத்தைத் தரமாட்டோம் என்று கென்னடி அரசு நெருக்கிய பிறகு 1962-இல்தான் அந்தக் கதவு திறந்தது. இப்படிப்பட்டவர் மரியாதைக்காகப் பெயர் வைத்தார் என்பதை என்னால் நம்ப முடியவில்லை.

கிளீவ்லாந்து கதையில் கொஞ்சம் உண்மை கலந்திருக்கிறது. பெனோப்ஸ்காட் இனத்தைச் சேர்ந்த லூயிஸ் சாக்கலெக்ஸிஸ் 1897 முதல் 1899 வரை அந்நகரின் 'ஸ்பைடர்ஸ்' அணியில் ஆடினார். பிரமாதமான ஆட்டக்காரர். அவர் நினைவாகத்தான் 'இந்தியன்ஸ்' என்று அணி பல காலம் சொல்லிவந்தது. அவர் ஆடிய காலத்தில் மைதானத்தில் என்ன நடந்தது? அவர் களமிறங்கினால் கூட்டம் வாயில் கை தட்டிப் போர்க்கூச்சல் போட்டுக் கேலி செய்தது. அந்தக் கூச்சல் பிறகு ரசிகர்களின் கொண்டாட்டமாகவே ஆகிவிட்டது.

எதிர்ப்பக்க நியாயம் ஒன்றையும் சொல்ல வேண்டும். வாஷிங்டன் ஹெல்மெட்டில் இருந்த கம்பீரமான முகச்சின்னம் 1970-களின் தொடக்கத்தில் வந்தது. அதற்குக் காரணமானவர் பிளாக்ஃபீட் இனத்தின் முன்னாள் தலைவர் வால்டர் வெட்ஸல். வெறும் ஆங்கில எழுத்து இருந்த இடத்தில் தங்கள் முகம் இருக்கட்டும் என்று அவர் கேட்டுப் பெற்றார். அவர் குடும்பத்துக்கு அது பெருமை, அது எடுக்கப்பட்டபோது வருத்தம். அந்த வருத்தத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அது ஹெல்மெட்டில் இருந்த படத்தைப் பற்றியது. 'சிவப்புத்தோலர்' என்ற சொல்லை அது நியாயப்படுத்தாது.

கிளீவ்லாந்தின் 'சீஃப் வாஹூ' சின்னத்தில் என்ன பிரச்சினை?

என் அத்தை மகன் ஒஹாயோவில் வேலை பார்த்த காலத்தில் எனக்கு ஒரு தொப்பி கொண்டுவந்து கொடுத்தான். கருநீலத் துணி, முன்பக்கம் தடித்த நூலில் தைத்த ஒரு முகம். செங்கல் நிறம்கூட இல்லை, நல்ல ரத்தச் சிவப்பு. முகத்தின் பாதிக்குப் பல். முக்கோணக் கண்கள், பெரிய மூக்கு, தலைக்குப் பின்னால் ஒற்றை இறகு. ஏதோ கார்ட்டூன் என்று நினைத்து இரண்டு கோடைக்காலம் சென்னையில் போட்டுக்கொண்டு திரிந்தேன். அது உயிரோடிருக்கும் ஓர் இனத்தின் படம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எதை மனித முகமாகப் பார்க்காமல் இருக்க ஒரு சின்னம் நம்மைப் பழக்குகிறது என்பது எனக்கு அந்தத் தொப்பியில்தான் புரிந்தது.

1947-இல் முதல் வாஹூ வரையப்பட்டது. 2018 சீசனோடு சீருடையிலிருந்து நீங்கியது.

இது குழந்தைகளை என்ன செய்கிறது என்று உளவியலாளர் ஸ்டெஃபனி ஃப்ரைபெர்க் குழு ஆராய்ந்து 2008-இல் வெளியிட்டது. வாஹூ போன்ற படங்களைப் பார்த்த பூர்வகுடி மாணவர்களின் தன்மதிப்பு இறங்கியது. படம் பிடித்திருக்கிறது என்று சொன்ன மாணவர்களுக்கும் அப்படித்தான். அமெரிக்க உளவியல் சங்கம் 2005-லேயே இந்த வகைச் சின்னங்களையெல்லாம் கைவிடச் சொல்லித் தீர்மானம் போட்டிருந்தது.

'ரெட்ஸ்கின்ஸ்' பெயரைப் பற்றிப் பூர்வகுடிகளில் பத்தில் ஒன்பது பேருக்குக் கவலையே இல்லை என்று கருத்துக்கணிப்பு வந்ததே?

வந்தது. 2004-இல் அன்னன்பெர்க் மையம் நடத்தியது, 2016-இல் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் நடத்தியது, இரண்டிலும் ஏறத்தாழ 90 சதவீதம் பேர் தங்களுக்கு அந்தப் பெயர் உறுத்தவில்லை என்றார்கள். 2016-இல் கேட்கப்பட்டவர்கள் 504 பேர். தொலைபேசியில் அழைத்து, தன்னைப் பூர்வகுடி என்று சொன்னவரையெல்லாம் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் கொள்ளுப்பாட்டி வழியில் ஒரு துளி ரத்தம் என்று குடும்பக் கதை வைத்திருப்பவர்கள் ஏராளம். அவர்களுக்கு அந்தச் சொல்லைத் தெருவில் கேட்டுப் பழக்கம் இருக்காது.

2020-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களும் ஃப்ரைபெர்க்கும் ஆயிரத்துச் சொச்சம் பேரிடம் விரிவாகக் கேட்டார்கள். பாதிப் பேர், 49 சதவீதம், பெயர் தங்களைப் புண்படுத்துகிறது என்றார்கள். தங்கள் மரபுச் சடங்குகளில் அடிக்கடி கலந்துகொள்பவர்களிடம் அது 67 சதவீதம். அதாவது, அந்த வாழ்க்கைக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு வலி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அமெரிக்க இந்தியர்களின் தேசியப் பேரவை 1968-இலிருந்தே இந்தச் சின்னங்களை எதிர்த்துவருகிறது. 'நேற்று முளைத்த நாகரிகம்' என்று இதைச் சொல்வது சரியில்லை.

'ரெட்ஸ்கின்ஸ்' பெயரை எதிர்த்து நீதிமன்றம் போனார்களே, என்ன ஆனது?

ஷையன், மஸ்கோகி இனங்களைச் சேர்ந்த சூசன் ஷோன் ஹார்ஜோ 1992-இல் ஆறு பேரோடு சேர்ந்து, இழிவான சொல்லுக்கு வணிக முத்திரைப் பதிவு தரக் கூடாது என்ற சட்டப் பிரிவின்கீழ் மனு கொடுத்தார். 1999-இல் ஜெயித்து, மேல்முறையீட்டில் தோற்றார். தாமதமாக வந்தீர்கள் என்பது ஒரு காரணம். இவ்வளவு காலம் பொறுத்ததே குற்றமாகிப்போன வழக்கு அது. அடுத்து அமாண்டா பிளாக்ஹார்ஸ் என்ற நவஹோ இளம்பெண் தலைமையில் இன்னொரு குழு வந்தது. 2014-இல் அணியின் ஆறு பதிவுகள் ரத்தாயின.

அப்புறம் எதிர்பாராத திசையிலிருந்து ஒரு தீர்ப்பு வந்தது. சைமன் டாம் என்ற ஆசிய அமெரிக்கர், ஆசியர்களின் கண்ணைக் கேலி செய்யும் ஒரு வசவையே எடுத்துத் தன் இசைக்குழுவுக்கு 'தி ஸ்லான்ட்ஸ்' என்று பெயர் வைத்திருந்தார். அதற்குப் பதிவு மறுக்கப்பட்டது. 2017-இல் உச்ச நீதிமன்றம் டாமுக்குச் சாதகமாக, அந்தச் சட்டப் பிரிவே பேச்சுரிமைக்கு விரோதம் என்றது. வாஷிங்டன் அணிக்கும் அதனால் பதிவுகள் தப்பின.

இரண்டும் ஒன்றல்ல என்பதுதான் என் எண்ணம். தன்மேல் எறிந்த கல்லைத் தானே எடுத்து மாலையாகப் போட்டுக்கொள்ள டாமுக்கு உரிமை உண்டு. அடுத்தவர் கழுத்தில் போட மார்ஷலுக்கு அது கிடையாது. சட்டத்தால் இந்த வித்தியாசத்தைப் பார்க்க முடியவில்லை.

அப்படியானால் 2020-இல் எப்படி மாறியது?

பணத்தால். அணியின் அப்போதைய உரிமையாளர் டேன் ஸ்னைடர் 2013-இல், பெயரை மாற்றவே மாட்டேன், வேண்டுமானால் பெரிய எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொன்னவர். 2020 மே மாதம் கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃபிளாய்ட் போலீஸ் கையில் கொல்லப்பட்டு நாடே தெருவில் நின்றபோது, முதலீட்டாளர்கள் பெரிய நிறுவனங்களை நெருக்கினார்கள். மைதானத்தின் பெயருரிமைக்கு 20.5 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டிருந்த கூரியர் நிறுவனம் ஃபெடெக்ஸ், ஜூலை 2 அன்று பெயரை மாற்றச் சொன்னது. நைக்கி தன் தளத்திலிருந்து அணியின் சட்டைகளை எடுத்தது. ஜூலை 13 அன்று பழைய பெயருக்கு விடைகொடுப்பதாக அறிவிப்பு வந்தது. பல பத்தாண்டு மனுவும் வழக்கும் அசைக்காததைப் பதினொரு நாள் அசைத்தது. முடிவு எனக்கு மகிழ்ச்சி. வந்த வழி மனதை உறுத்துகிறது.

'கார்டியன்ஸ்' என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. கிளீவ்லாந்து மைதானத்துக்குப் பக்கத்தில் ஆற்றின் குறுக்கே 1932-இல் திறந்த ஒரு பெரிய பாலம் இருக்கிறது. அதன் இரு முனைகளிலும் மணற்கல் தூண்கள். தூண்களில் சிறகு முளைத்த தலையோடு எட்டுக் காவலர்கள். 'போக்குவரத்தின் காவலர்கள்' என்று பெயர். ஒவ்வொருவர் கையிலும் ஒரு வண்டி, குழந்தையைப் பிடிப்பதுபோல. ஒருவர் வைக்கோல் வண்டி வைத்திருக்கிறார், ஒருவர் குதிரைகள் இழுக்கும் பயண வண்டி, ஒருவர் 1930-களின் கார், ஒருவர் கான்கிரீட் கலக்கும் லாரி. நம் ஊர் எல்லையில் ஐயனார் நிற்பதுபோல் ஊரைக் காத்துக்கொண்டு நிற்கிறார்கள். இந்தக் காவலர்களை உளியால் செதுக்கிய கல்தச்சர்களில் நகைச்சுவை நடிகர் பாப் ஹோப்பின் தந்தையும் ஒருவர்.

அந்த ஊர்க்காரர்கள் தினமும் கடந்துபோகும் சிலையிலிருந்து எடுத்த பெயர் அது. 'இந்தியன்ஸ்' என்று பெயர் வைத்தபோது அந்த ஊரில் எத்தனை பூர்வகுடிகள் இருந்தார்கள்? எல்லாரையும் சேர்த்துக்கொள்ளும் பெயர் என்றால் சப்பென்று இருக்கும் என்பவர்களுக்கு நான் இந்தப் பாலத்தைத்தான் காட்டுவேன்.

பழைய பெயரோடு வளர்ந்த ரசிகர்களின் நினைவுகள் என்னாவது?

அவர்களை இனவெறியர்கள் என்று ஒட்டுமொத்தமாகத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. அப்பாவோடு முதன்முதலாக மைதானம் போன நாள், கோப்பை வென்ற ராத்திரி, எல்லாம் அந்தப் பெயரோடு ஒட்டியிருக்கும். அதெல்லாம் எங்கும் போய்விடாது. 1948-இல் கிளீவ்லாந்து உலகத் தொடரை வென்றது வென்றதுதான். மெட்ராஸ் சென்னை ஆனதால் மெரினாவில் நாம் சுண்டல் தின்ற மாலைகள் அழிந்தா போயின?

எல்லாப் பெயரையும் மாற்றச் சொல்வார்களா? 'ஐரிஷ்' அணி இருக்கிறதே?

நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் 'ஃபைட்டிங் ஐரிஷ்' பற்றிக் கேட்கிறீர்கள். அங்கே ஐரிஷ் கத்தோலிக்கர்கள் உள்ளே இருந்தார்கள், அந்தப் பெயரைத் தாங்களே விரும்பிச் சுமந்தார்கள். மினசோட்டா 'வைகிங்ஸ்' குடியேறிய ஸ்காண்டிநேவியர்களின் ஊரில் இருக்கிறது. பெயர் வைத்த மேசையில் அவர்கள் இருந்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

பூர்வகுடிகளே சம்மதித்த அணி உண்டா?

உண்டு. ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழக அணி 'செமினோல்ஸ்'. ஃபுளோரிடாவின் செமினோல் இனமன்றம் 2005-இல் முறைப்படி தீர்மானம் போட்டு ஆதரித்தது. ஆட்டத்துக்கு முன் செமினோல் போர்த்தலைவர் ஒசியோலாவின் வேடத்தில் குதிரையில் வருபவரின் உடையும் அவர்கள் தைத்துக் கொடுப்பதே. ஆனால் 19-ஆம் நூற்றாண்டில் ஓக்லஹோமாவுக்கு விரட்டப்பட்ட செமினோல்களின் வாரிசுகளிடையே மாற்றுக் கருத்து இருக்கிறது.

இதைவிட எனக்கு நிறைவாகத் தோன்றுவது வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேன் நகரிலுள்ள சிறிய பேஸ்பால் அணி. பெயர் இன்னும் 'ஸ்போகேன் இந்தியன்ஸ்'தான். ஸ்போகேன் இனமன்றத்தோடு உட்கார்ந்து பேசி, சட்டையில் அணியின் பெயரை அவர்களுடைய சேலிஷ் மொழியில் எழுதினார்கள். மைதானப் பலகைகளிலும் அந்த மொழி உண்டு. மாஸ்காட்டாக இறகு வைத்த மனிதன் கிடையாது, ஆற்று மீன் இருக்கிறது. பேசுபவர் குறைந்துகொண்டே போகும் ஒரு மொழியை ஆயிரக்கணக்கானோர் நெஞ்சில் எழுத்தாகப் பார்க்கும் பிள்ளைக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

சம்மதம் எப்போதும் ஒரே குரலில் வருவதில்லை என்பதும் உண்மை. வட டகோட்டா பல்கலைக்கழகத்தின் 'ஃபைட்டிங் சூ' பெயரை, சூ மக்களில் ஒரு பிரிவான ஸ்பிரிட் லேக் இனத்தவர் வாக்கெடுப்பில் ஆதரித்தார்கள், இன்னொரு பிரிவான ஸ்டேண்டிங் ராக்கின் மன்றம் ஆதரிக்கவில்லை. கடைசியில் 2012-இல் மாநில மக்கள் வாக்களித்துப் பெயர் போனது.

கேன்சஸ் சிட்டி 'சீஃப்ஸ்', அட்லாண்டா 'பிரேவ்ஸ்' இன்னும் இருக்கின்றனவே?

இருக்கின்றன. 'சீஃப்' என்பது ஹெச். ரோ பார்ட்டில் என்ற மேயரின் பட்டப்பெயர், 1963-இல் அதைத்தான் வைத்தார்கள் என்பது கேன்சஸ் சிட்டியின் பதில். ஆனால் மைதானத்தின் பெயர் 'ஆரோஹெட்', அம்பு முனை. மேயரிடம் அம்பு இருந்ததா? இறகுத் தலையணியோடும் முகச்சாயத்தோடும் வரக் கூடாது என்று 2020-இல் தடை போட்டார்கள். கோடாரி வீசுவதுபோல் கையை அசைத்துப் பாடுவது இரண்டு ஊரிலும் நிற்கவில்லை. 2019-இல் எதிரணியில் ஆடிய செரோக்கி இனப் பந்துவீச்சாளர் ரையன் ஹெல்ஸ்லி அது தன் மக்களைத் தவறாகக் காட்டுகிறது என்று சொன்னபோது, அட்லாண்டா அணி ஓர் ஆட்டத்துக்கு மட்டும் ரசிகர்களுக்கு ஃபோம் கோடாரிகளைக் கொடுக்காமல் நிறுத்தியது. அடுத்த வருடங்களில் பாட்டு திரும்பிவிட்டது.

பழைய பெயர்கள் திரும்பி வருமா?

2025 ஜூலையில் அதிபர் டிரம்ப், வாஷிங்டனும் கிளீவ்லாந்தும் பழைய பெயருக்குப் போக வேண்டும் என்று எழுதினார். வாஷிங்டனின் புது மைதான ஒப்பந்தத்தைத் தடுப்பேன் என்றும் சொன்னார். இரு அணிகளும் அசையவில்லை.

மற்ற நாடுகளில்?

கனடாவின் எட்மண்டன் ஃபுட்பால் அணி, வடதுருவப் பகுதிப் பூர்வகுடிகளான இனுயிட் மக்கள் ஏற்காத 'எஸ்கிமோஸ்' என்ற பெயரை 2020-இல் விட்டு, 2021-இல் 'எல்க்ஸ்' ஆனது. நியூசிலாந்தில் 2019 மார்ச்சில் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேர் கொல்லப்பட்ட பிறகு, அதே ஊரின் ரக்பி அணி 'குருசேடர்ஸ்', சிலுவைப் போர்வீரர்கள், தன் பெயரைப் பற்றி யோசித்தது. வாளேந்திய குதிரைவீரன் சின்னம் போய் மாவோரி வடிவம் வந்தது. பெயர் அப்படியே நின்றது. அந்த ஊர் முஸ்லிம்களின் நிலையிலிருந்து பார்த்தால் இது பாதிக் கிணறுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்தியாவில் இப்படி நடந்ததுண்டா?

மும்பை இந்தியன்ஸ் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அது நம்மை நாமே சொல்லிக்கொள்வது, அதில் சிக்கல் இல்லை.

ஆனால் பழைய பம்பாயைப் பாருங்கள். 1946 வரை நடந்த ஐம்முனைக் கிரிக்கெட் போட்டியில் அணிகளின் பெயர்களே ஹிந்துஸ், முஸ்லிம்ஸ், பார்சிஸ், யூரோப்பியன்ஸ். 1937-இல் ஐந்தாவதாக ஓர் அணி சேர்ந்தது. இந்தியக் கிறிஸ்தவர், ஆங்கிலோ இந்தியர் எல்லாரையும் சேர்த்து அதற்கு வைத்த பெயர் 'தி ரெஸ்ட்'. மீதிப்பேர். அந்த மீதிப்பேரில் ஒருவர் விஜய் ஹசாரே. 1943-44 இறுதிப் போட்டியில் ஹிந்துஸுக்கு எதிராக அணி எடுத்த 387-இல் 309 ஓட்டம் அவர் ஒருவருடையது. ஹிந்துஸ் அணிக்குள்ளேயோ, பல்வங்கர் பாலூ என்ற தலித் சுழற்பந்து மேதைக்குக் கேப்டன் பதவி தரப்படவே இல்லை. பெயரில் இருந்த 'ஹிந்துஸ்' அவரை எந்த அளவுக்குச் சேர்த்துக்கொண்டது? 1940-இல் காந்தி இந்தப் போட்டியை வேண்டாம் என்றார். அதன்பிறகும் 1946 வரை நடந்தது.

தமிழில் 'செவ்விந்தியர்' என்று எழுதுகிறோமே, அது சரியா?

கௌபாய் காமிக்ஸ் படித்து வளர்ந்த நமக்கு அது சாதாரணச் சொல். ஆனால் 'செம்மை' என்று அழகாகத் தொடங்கினாலும் அது ரெட் இந்தியனின் நேர் மொழிபெயர்ப்பு, தோல் நிறமும் கொலம்பஸின் பிழையும் சேர்ந்தது. நான் இப்போது 'அமெரிக்கப் பூர்வகுடிகள்' என்று எழுதுகிறேன். அதைவிட நல்லது, தெரிந்தால் இனத்தின் பெயரையே சொல்வது: நவஹோ, செரோக்கி, லகோட்டா. அமெரிக்காவில் 570-க்கும் மேற்பட்ட இனங்கள் அரசு அங்கீகாரத்தோடு இருக்கின்றன. அவர்களில் பலர் தங்களை 'இந்தியன்' என்றே சொல்லிக்கொள்கிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். அது அவர்கள் தேர்வு.

வீட்டில் பழைய ஜெர்சி இருக்கிறது. போடலாமா?

சட்டம் எதுவும் தடுக்காது. நான் என் தொப்பியைத் தூக்கிப் போடவில்லை. அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. போன கோடையில் என் அண்ணன் மகள் எடுத்துப் பார்த்து, "சித்தப்பா, இந்த மாமா ஏன் இவ்ளோ சிவப்பா இருக்காரு?" என்று கேட்டாள். உட்காரவைத்து, சாக்கலெக்ஸிஸ் என்று ஒருவர் இருந்தார், ரொம்ப நன்றாகப் பந்தடிப்பார், மேலே உட்கார்ந்திருந்தவர்கள் அவரைப் பார்த்து எப்படியெல்லாம் கத்தினார்கள் தெரியுமா என்று ஆரம்பித்தேன்.